நான் சாட்சி சொன்ன மொழி

எனக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம். என் வீட்டுக்காரர் யாங்கோன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் கிடந்துவிட்டு வருகிற மனிதருக்கு என் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் குடும்பம் நடந்தது.

கியாக்டடாவில், சூலே பகோடாவிலிருந்து நாலு தெரு தள்ளி, எனக்கு ஒரு பிரேம் கடை. புத்தர் படம், முருகன் படம், மெக்கா படம், பட்டம் வாங்கிய பிள்ளையின் போட்டோ, போய்ச் சேர்ந்தவரின் போட்டோ என்று எது வந்தாலும் தேக்குச் சட்டம் அறுத்து, கண்ணாடி போட்டு, பின்னால் கொக்கி அடித்துக் கொடுப்பேன். சட்டம் அறுப்பதில் எனக்கு நிகர் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நாலு மூலையும் ஒட்டுத் தெரியாமல் சேர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

அந்த ஓவியரை நான் முதலில் பார்த்தது கடையில் அல்ல. எண்பத்தெட்டில் ஊர் கொந்தளித்து அடங்கிய மறு வருஷம், இமிகிரேஷன் ஆபீஸ் வரிசையில் பார்த்தேன். நான் பிறந்தது யாங்கோன். என் அப்பா பிறந்ததும் யாங்கோன். ஆனாலும் எங்கள் கையில் இருந்தது வெளிநாட்டவர் புத்தகம்தான். வருஷத்துக்கு ஒரு தடவை போய் நின்று முத்திரை வாங்க வேண்டும்.

எனக்கு முன்னால் உயரமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்றார். அறுபத்தைந்து வயது இருக்கும். பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் தமெய்ன், தலையில் கொண்டை, கொண்டையில் பூ, வாயில் என்னைவிடச் சுத்தமான பர்மிய மொழி. குமாஸ்தாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“ரஷ்யான்னு எழுதாதீங்க. நான் ரஷ்யாக்காரி இல்லை. எஸ்தோனியா.”

“நீங்க சொல்ற நாடு லிஸ்ட்ல இல்லையே அம்மா. உலகப் படத்திலயும் இல்லை.”

“படத்தில இல்லேன்னா படம் தப்பு.”

அரை மணி நேரமாக வரிசை நகரவில்லை. எனக்கோ கடை திறக்க வேண்டும். பொறுக்குமா என் வாய்? “எதையாவது எழுதிக்கிட்டு நகருங்கம்மா! எனக்குந்தான் நான் பார்த்தே இராத நாட்டை எழுதுறாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று பின்னாலிருந்து கத்தினேன்.

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ எழுத விட்டே. நான் விடமாட்டேன்,” என்றார்.

சுருக்கென்று தைத்தது. ஆனால் அன்றைக்கும் குமாஸ்தா ரஷ்யா என்றுதான் எழுதினார். நான் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் படிக்கட்டில் உட்கார்ந்து, புத்தகத்தில் ரஷ்யா என்ற எழுத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் எவ்வளவு சீக்கிரம் வருமோ அவ்வளவு சீக்கிரம் போய்விடும். “எழுந்திருங்க, டீ குடிக்கலாம்,” என்று கையைப் பிடித்துத் தூக்கினேன்.

அன்று தொடங்கியதுதான் எங்கள் பழக்கம். ஊரில் எல்லோரும் அவரை ‘ரஷ்யாக்காரி’ என்பார்கள். நான் சயாமா என்று கூப்பிட்டேன். ஓவியர்களையும் ஆசிரியைகளையும் எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம், ஆண்களானால், அதிகாரிகளையும் சேர்த்து, சயா. அவர் என்னை ஞீமா என்றார், தங்கச்சி. நாங்கள் பேசியதெல்லாம் பர்மிய மொழியில், இங்கே தமிழாக்கிச் சொல்கிறேன்.

அவர் கதை டீக்கடை முக்காலியில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கடலுக்குள் இருக்கும் ஒரு தீவில் பிறந்தவர். யுத்தம் முடியப் போகிற நேரத்தில், நாட்டைச் சோவியத்துப் படை பிடிக்க வந்தபோது, இருபது வயதில் மீன்பிடிப் படகில் ஏறி சுவீடன் போய்ச் சேர்ந்தார். அங்கே ஓவியம் படித்தார், எழுதவும் தொடங்கினார். அங்கே டாக்டருக்குப் படிக்க வந்த ஒரு பர்மியரைக் கல்யாணம் செய்துகொண்டு யாங்கோன் வந்தார். டாக்டர் காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. வந்த நாளிலிருந்து தினமும் காலையில் படம் வரைவார், மத்தியானம் தன் மொழியில் எழுதுவார். முப்பத்தைந்து வருஷமாக எழுதியதை ஒருவரும் படித்ததில்லை, படிக்கத் தெரிந்தவர் யாரும் இங்கே இல்லை.

“அனுப்பி வைக்கலாமே?” என்று கேட்டேன்.

“எங்க அனுப்ப? ஊருக்கு அனுப்பினா அங்க இருக்கறவங்களுக்கு ஆபத்து. சுவீடனுக்கு அனுப்பின ரெண்டு கட்டு போய்ச் சேரவே இல்லை.”

அப்புறம் அவர் தன் ஆசையைச் சொன்னார். ஒரே ஒரு கண்காட்சி. வாசலில் ‘எஸ்தோனிய ஓவியர்’ என்று எழுதியிருக்க வேண்டும். உள்ளே படங்களோடு அவர் எழுதிய பக்கங்களும் தொங்க வேண்டும். யாராவது ஒருத்தர் நின்று அதைப் படிக்க வேண்டும். அவர் கண்ணில் பிரஷர் ஏறிப் பார்வை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வந்தது. சில வருஷம்தான் தாங்கும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் நடக்க வேண்டும்.

“இந்த ஊர்ல யாரு சயாமா படிப்பா?”

“முதல்ல தொங்கட்டும். தொங்கினாத்தானே யாராவது வருவாங்க.”

என்ன நம்பிக்கையோ என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். கண்காட்சி மனுவிலும் நாட்டின் பெயர் கேட்பார்கள். புத்தகத்தில் உள்ளபடி ரஷ்யா என்று போட அவர் சம்மதிக்கவில்லை, எஸ்தோனியா என்று போட்டால் அவர்கள் வாங்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் மனு போனது, திரும்பி வந்தது.

தொண்ணூற்றொன்றில், மழைக்காலம், தெருவில் முழங்கால் தண்ணீர். குடையை மடக்காமலே கடைக்குள் வந்து நின்றார் சயாமா. சேலைக்கடைக்காரர் மகள் கல்யாணப் படத்தின் மேல் தண்ணீர் சொட்டுகிறதே என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

“வந்துடுச்சு, ஞீமா. ரேடியோவில சொன்னான். எங்க நாடு வந்துடுச்சு.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு நாடு போய்விட்டுத் திரும்பி வரும் என்று யார் கண்டது? எதிர் டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று தெரியாமலே தெரு குடித்தது. நான் மேசைமேல் ஏறி நின்று, “இனிமே எவனாவது இவங்களை ரஷ்யாக்காரின்னு சொன்னா பல்லு இருக்காது!” என்று அறிவித்தேன். என் வீட்டுக்காரர் எட்டத்தில் நின்று, இவள் யாரோ எவளோ என்கிற முகத்தோடு டீ குடித்தார்.

நாடு வந்துவிட்டதே தவிர, லிஸ்ட் வரவில்லை. இமிகிரேஷன் ஆபீஸ் புத்தகத்தில் அந்தப் பெயர் ஏற இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தது. ஏறிய அன்றே கண்காட்சிக்கு மனு போட்டோம். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்கள். ஊரில் எந்தக் கண்காட்சி என்றாலும் திறப்பதற்கு முந்தின நாள் தணிக்கைக் குழு வந்து ஒவ்வொரு படமாகப் பார்க்கும். அவர்கள் தலையாட்டினால்தான் கதவு திறக்கும்.

சயாமாவுக்கு எழுபது ஆகியிருந்தது. இருபத்திரண்டு படங்கள், பதினைந்து பக்கங்கள். எல்லாவற்றுக்கும் நான்தான் சட்டம் போட்டேன். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எழுதிய பக்கம் கண்ணாடிக்குள் போவதற்கு முன்னால் அதை எழுந்து நின்று உரக்கப் படிப்பார். கண்ணாடிக்குள் போய்விட்டால் அப்புறம் அதற்குக் குரல் இல்லையாம். மூன்று மாசம், கடையில், ரம்பத்துக்கும் சுத்தியலுக்கும் நடுவே அந்தப் பதினைந்து பக்கங்களையும் படித்தார். படித்ததும் அர்த்தத்தைப் பர்மிய மொழியில் சொல்வார்.

எனக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் சத்தம் பிடித்துவிட்டது. சட்டத்தின் மூலையை அரத்தால் தேய்க்கும்போது அதற்குத் தாளம் சரியாக விழுந்தது. “இன்னொரு தடவை படிங்க சயாமா, அந்த ரொட்டி விஷயம்,” என்பேன். படிப்பார். சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயில் வகுப்பில் வாத்தியார் சொல்லச் சொல்ல நூறு பாட்டு நெட்டுருப் போட்டவள் நான். பாதிக்கு மேல் இன்றுவரை அர்த்தம் தெரியாது. ஆனால் ராத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஓர் அசை பிசகாது. அப்படித்தான் இதுவும் என்னை அறியாமல் மண்டையில் ஏறி உட்கார்ந்தது.

ஒரு பக்கத்தில் கடல் உறைந்துபோய், அதன் மேல் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டு தீவிலிருந்து கரைக்குப் போகிற கதை இருந்தது. “கடல் மேல வண்டியா? யாருக்குக் காது குத்தறீங்க?” என்றேன். அவர் அந்த வழியையே படமாகவும் வரைந்திருந்தார். படம் முழுக்க வெள்ளை, நடுவில் கறுப்பாகக் கோடு போட்டதுபோல் சின்னச் சின்னச் செடிக் கிளைகள். பனியில் வழி தெரிவதற்காக நட்டு வைப்பார்களாம். கிளையை விட்டு விலகினால் வண்டியோடு கடலுக்குள் போய்விட வேண்டியதுதான். எனக்கு அது வரிசையாகத் துடைப்பம் நட்டு வைத்த மாதிரி இருந்தது. சொன்னேன். அவர் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

பழைய வாசகசாலை ஒன்றின் மாடி ஹால் கிடைத்தது. குழு வருவதற்கு முந்தின நாள் சாமான்களை மாடி ஏற்றும்போது இரண்டு கண்ணாடி உடைந்து, அங்கேயே உட்கார்ந்து வேறு வெட்டி மாட்டினேன். மறு நாள் காலை, நான் ஏணி மேல் நின்று கடைசி ஆணிகளை அடித்துக்கொண்டிருந்தபோது, குழு வந்தது. மூன்று பேர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்த பெரிய அதிகாரி ஒருவர். வெற்றிலை போட்டிருந்ததால் வாயே திறக்காத இன்னொருவர். கன்னத்தில் தனகா மரப்பட்டை விழுது பூசிய இளம் குமாஸ்தாப் பெண், கையில் கோப்பு.

கறுப்பு அதிகம் என்று மூன்று படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள்.  பெரியவர் பனிப்படத்துக்கு எதிரே வந்து நின்றார்.

“இது என்ன, ஊர்வலமா?”

 எண்பத்தெட்டுக்கு அப்புறம் எங்கள் ஊரில் நாலு பேர் வரிசையாக நடந்தாலே வம்பு.

“கிளைங்க, சயா. கடல் உறைஞ்சதும் வழி காட்ட நடுவாங்க.”

“கடல் எப்படி உறையும்?”

ஏணி மேலிருந்து நான், “நானும் அதையேதான் கேட்டேன் சயா. துடைப்பம்னுதான் நினைச்சேன்,” என்றேன். பெரியவர் மறுபடி படத்தைப் பார்த்தார். “ஆமா, துடைப்பம் மாதிரிதான் இருக்கு,” என்று சொல்லி நகர்ந்துவிட்டார். சயாமா என்னைப் பார்த்த பார்வையில் பாதி நன்றி, பாதி கொலைவெறி.

பிறகு பக்கங்களுக்கு வந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே எண் அட்டை. பர்மிய மொழிபெயர்ப்பு குமாஸ்தாப் பெண்ணின் கோப்பில் வரிசையாக இருந்தது.

“மொழிபெயர்த்தது யாரு?”

“நான்தான்.”

“எழுதினவங்களே மொழிபெயர்த்தா அதுக்கு என்ன மதிப்பு? உள்ளே என்ன வேணும்னாலும் எழுதியிருக்கலாமே. மொழி தெரிஞ்ச இன்னொருத்தர் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடணும். விதி.”

“அந்த மொழி தெரிஞ்சவங்க இந்த நாட்டில வேற யாரும் இல்லை.”

“அப்ப பக்கத்தையெல்லாம் எடுத்துடுங்க. படம் மட்டும் இருக்கட்டும்.”

சயாமா முதல் பக்கத்தின் முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் சட்டத்தைத் தூக்கி ஆணியிலிருந்து எடுத்தார். அடுத்ததன் முன்னால் போய் நின்றார். அந்த முதுகைப் பார்த்தேன். ஐந்து வருஷமாக மனுவோடு அலைந்த முதுகு. 

“எனக்குத் தெரியும் சயா,” என்றேன்.

ஹாலில் இருந்த அத்தனை தலையும் ஏணியைப் பார்த்தது. என் கையில் சுத்தியல், வாயில் இரண்டு ஆணி. ஆணியை எடுத்துவிட்டு இன்னொரு தடவை சொன்னேன். “அந்த மொழி எனக்குத் தெரியும்.”

“நீயா? நீ பிரேம் போடற கலாமாதானே?” கலாமா என்றால் இந்தியக்காரி, அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை சூடாகும்.

“கலாமாவுக்கு ஒரு மொழிதான் தெரியணும்னு விதி இருக்கா, சயா?”

பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இறங்கி வா. இதைப் படி.” நாலாம் எண்ணைக் காட்டினார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சுத்தியலை ஏணிப் படியில் வைத்துவிட்டு இறங்கினேன். எதிரே கண்ணாடிக்குள் எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. அதை வைத்து எனக்கு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? சட்டத்தைப் பார்த்தேன். என் கையால் அறுத்த சட்டம், எனக்குத் தெரியாதா? இடது மூலையில் மாட்டுக் கண் மாதிரி ஒரு முடிச்சு. பனிக்கடல் பக்கத்துக்குப் போட்ட சட்டம். அப்பாடா என்று மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். கோயிலில் பாடுகிறபோது நிற்பதுபோல் நின்று, சயாமா எங்கே இழுப்பாரோ அங்கே இழுத்து, எங்கே நிறுத்துவாரோ அங்கே நிறுத்தி, கடகடவென்று சொல்லி முடித்தேன். முடித்துவிட்டு ஜெயித்த களிப்பில் சயாமாவைப் பார்த்தேன்.

அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது. நேற்று கண்ணாடி உடைந்ததல்லவா? அந்த அவசரத்தில் இரண்டு சட்டத்தையும் பிரித்து மேசையில் போட்டு, திரும்ப மாட்டும்போது சட்டம் மாறிவிட்டது. பார்ப்பவருக்கு என்ன வித்தியாசம் என்று நானே விட்டுவிட்டேன். இந்தச் சட்டத்துக்குள் இருந்தது பனிக்கடல் அல்ல, கறுப்பு ரொட்டி சுடுகிற பக்கம். தொழில் தெரிந்தவள் என்ற திமிர், வேறென்ன!

“அர்த்தம் என்ன?” என்றார் பெரியவர்.

ஓட முடியாது. சொன்னதற்கு அர்த்தம் சொல்லித்தானே ஆக வேண்டும்? “கடல் உறைஞ்சு கிடக்கு, சயா. வண்டியில போறாங்க. வழியில நிறுத்தக் கூடாது, நிறுத்தினா பனி உடையும். குதிரைக்கு அது தெரியும், மனுஷனுக்குத்தான் சொல்லணும்...” என் குரல் எனக்கே கேட்கவில்லை. குமாஸ்தாப் பெண் கோப்பில் நாலாம் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். அதில் ரொட்டிக்கு மாவு பிசைகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவள் அவசரமே இல்லாமல் தாளைப் புரட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஒரு தாளில் விரலை வைத்து நின்றாள்.

“வரிக்கு வரி சரியா இருக்கு, சயா,” என்றாள்.

பெரியவர் எட்டிப் பார்க்கவில்லை. “ம்,” என்றார். மேசையில் படிவத்தை வைத்தார்கள். ‘மொழி அறிந்த சாட்சி’ என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் படியிறங்கும்போது அந்தப் பெண் கடைசியாகப் போனாள். என் அருகில் வந்ததும் தலையைத் திருப்பாமல், “அக்கா, நாலு ரொட்டி. வண்டி ஒன்பது,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சயாமாவும் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். சிரித்தோம், சிரித்தோம், விலா நோகச் சிரித்தோம். அவர் எடுத்து வைத்திருந்த முதல் பக்கத்தை நானே திரும்ப மாட்டினேன்.

வீட்டில் வேறு கதை. “ஏன்டி, உனக்கு உள்ள போயிக் களி திங்கணும்னு ஆசையா? பொய்ச் சாட்சிடி அது!” என் வீட்டுக்காரர் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. “பொய் இல்ல. சொன்னேன்ல? அர்த்தமும் சொன்னேன்ல?” என்றேன். சொன்னேனே தவிர, படுத்தால் கண் மூடவில்லை. மறு நாளிலிருந்து அவர் கிரேன் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் துறைமுகத்தில் நிற்கிற ஒவ்வொரு கப்பலுக்கும் கீழே போய் நின்று, “எஸ்தோனியா? எஸ்தோனியா?” என்று கத்தத் தொடங்கினார். எதற்கு என்று கேட்டேன். “படிக்கறதுக்கு ஆள் வேணும்னு அந்தம்மா சொன்னாங்கல்ல? நீ சாட்சிதானே சொன்னே, நான் ஆளையே கொண்டாறேன்,” என்றார். இந்த மனிதரைப் போய் நான் எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன்!

கண்காட்சி ஐந்து நாள். வாசலில் ‘எஸ்தோனிய ஓவியர்’ என்று பெரிதாக எழுதி, அதற்கும் தேக்கில் சட்டம் போட்டிருந்தேன். நாங்கள் நினைத்ததைவிடக் கூட்டம் வந்தது. மாணவர்கள் வந்தார்கள். சயாமாவின் காலமான டாக்டரிடம் வைத்தியம் பார்த்தவர்கள் மிங்கலாடோனிலிருந்து பஸ் மாறி வந்தார்கள். பனிப்படத்தின் முன்னால் எப்போதும் ஐந்தாறு பேர் வியர்க்க வியர்க்க நின்றார்கள். ஆனால் பக்கங்களுக்கு முன்னால் நின்றவர்கள் சாட்சிக் கையெழுத்துக்குப் பிறகு கீழே ஒட்டிய பர்மிய மொழிபெயர்ப்பைத்தான் படித்தார்கள். அவர் எழுத்தைப் படிக்க ஒருவரும் வரவில்லை. சயாமா ஒவ்வொரு நாளும் காலையிலிருந்து மாலைவரை அங்கேயே நின்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

கடைசி நாள் மத்தியானம் பெரிய அதிகாரி மறுபடி வந்தார், புதிதாக ஏதும் மாட்டியிருக்கிறோமா என்று பார்க்க. அவர் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது படியில் தடதடவென்று சத்தம். என் வீட்டுக்காரர் கிரீஸ் படிந்த உடுப்போடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கதவு உயரத்துக்கு ஒரு ஆள், வெயிலில் சிவந்த கழுத்து, நீல நிற இஞ்சின் உடுப்பு.

“அரிசி ஏத்த வந்த கப்பல். இஞ்சின் ரூம்ல இருந்தான். எஸ்தோனியான்னேன், கையைத் தூக்கிட்டான்!”

என் சந்தோஷம் ஒரு நொடிதான். பெரியவர் என்னைப் பார்த்தார், அந்த ஆளைப் பார்த்தார். வசமாக ஆள் கிடைத்துவிட்டதே என்ற முகம். ஆங்கிலத்தில் அவனிடம் கேட்டார்: இந்தப் பெண்ணுக்கு உன் மொழி தெரியுமா, பேசிப் பார்த்துச் சொல். என் வீட்டுக்காரர் அப்போதுதான் தான் செய்த காரியம் புரிந்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தது பதினைந்து பக்கம்தான். சரி, ஆனது ஆகட்டும் என்று அந்த மாலுமியை நிமிர்ந்து பார்த்து, பனிக்கடல் பக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

நாலாவது வரியில் அவன் வாய் திறந்துகொண்டது. பாதியில் தொப்பியைக் கழற்றினான். முடித்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, படபடவென்று ஏதோ கேட்டான். ஒரு சொல் புரியவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக என் வாய்க்கு வேலை இல்லாமல் போனது. சயாமா கலகலவென்று சிரித்துவிட்டு, பெரியவரிடம் பர்மிய மொழியில் சொன்னார்: “இவ பேச்சு சுத்தமான தீவுப் பேச்சாம், சயா. கரையில இருக்கறவங்களுக்கு அப்படி இழுக்க வராதாம். எந்தத் தீவு, எந்த ஊர்னு கேக்கறார்.”

பெரியவர் என்னைப் பார்த்தார். “எந்த ஊர் நீ?”

“கியாக்டடா, சயா.”

மனிதர் சிரித்துவிட்டார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, எதை விட்டுக்கொடுத்தாரோ, எனக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மாலுமி முதல் பக்கத்தின் முன்னால் போய் நின்றான். மனசுக்குள் படிப்பான் என்று நினைத்தேன். அவன் சயாமாவின் கண்ணைக் கவனித்திருக்க வேண்டும், உரக்கவே படித்தான். யாங்கோன் வந்த நாற்பது வருஷத்தில் சயாமா எழுதியதை இன்னொரு வாய் படிப்பது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் அவன் கூடவே நகர்ந்தார். ரொட்டியை அவன் படித்தபோது இரண்டு பேரும் சிரித்தார்கள். வந்திருந்தவர்கள் ஒன்றும் புரியாமலே சத்தம் போடாமல் பின்னால் நடந்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் அதை மறைக்கவும் இல்லை.

கடைசிப் பக்கம், அவர் தீவை விட்டுப் புறப்பட்ட காலை. அதன் கடைசி வரியில் மை மழைக்கால ஈரத்தில் ஊறிப் பரந்துவிட்டிருந்தது. மாலுமி குனிந்து பார்த்தான், கண்ணாடியில் மூக்கு படப் பார்த்தான், முடியவில்லை. சயாமாவைத் திரும்பிப் பார்த்தான். அவருக்கு வரி தெரியும். வாயைத் திறந்தார், குரல் எழும்பவில்லை.

எனக்கும் அந்த வரி தெரியும். கடையில் படித்தபோது அர்த்தம் சொல்லியிருந்தார். படகுத்துறைக்கு வழியனுப்ப வந்த அவர் அம்மா, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாத பயத்தில், சந்தைக்குப் போகிற பெண்ணிடம் சொல்வதுபோல் சொன்னது: மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடு.

சொன்னேன்.

மாலுமி கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சயாமா கண்ணைத் திறந்து என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“இன்னொரு தடவை சொல்லு, ஞீமா,” என்றார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி, உரக்கச் சொன்னேன்.